ஒரு சாண் போதாது: செம்பனை லோரி ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, குலை ஏற்றும் லோரி ஓட்டுநர் அண்ணன் தம்பிகளுக்கும், லோரி முதலாளிமார்களுக்கும், எண்ணெய் ஆலை நிர்வாகத்தினருக்கும் ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துச் சைக்கிளோட்டிகளின் வணக்கம்.

"சைக்கிளை ஓரமாக ஓட்டினால் என்ன கேடு?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். "கொஞ்சம் விலகி முந்தினால் என்ன கேடு?" என்று சைக்கிளில் போகிறவர்கள் கேட்கிறார்கள். இரண்டுக்கும் பதில் அளவுநாடாவில் இருக்கிறது. வசவையும் ஹாரனையும் சற்று நிறுத்திவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

நம் இருவழிச் சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் 3 முதல் 3.5 மீட்டர். நடுவாக 3.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லோரியின் உடல் 2.5 மீட்டர். சைக்கிள் சக்கரம் தார் விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டர் உள்ளே ஓடினால், ஹேண்டலின் வலது முனை 90 சென்டிமீட்டரில் நிற்கும். 90-உம் 250-உம் சேர்ந்தால் 3.40 மீட்டர். உரசிக்கொண்டு போனால்கூட நடுக்கோட்டைத் தாண்டாமல் முந்த முடியாது. சரி, சைக்கிள்காரர் விளிம்பை ஒட்டி, 20 சென்டிமீட்டரில் ஓட்டுகிறார் என்றே இருக்கட்டும். ஹேண்டல் முனை 50-க்கு வரும், மிச்சம் 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். உங்கள் இடது கண்ணாடி உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஏறக்குறைய அதே ஒரு சாண்தான். அது நிற்கும் உயரமும் சைக்கிள்காரரின் தலைக்குப் பக்கத்தில்.

சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் சைக்கிளை முந்தும்போது 1.5 மீட்டர் விடச் சொல்கிறார்கள். அந்த அளவை வைத்தால், அவர் 60-இல் ஓட்டினாலும் 20-இல் ஓட்டினாலும் நீங்கள் எதிர்த் தடத்துக்குள் ஒன்றேகால் மீட்டராவது போயே ஆக வேண்டும். எதிரே வண்டி வந்தால் இரண்டு வகையிலும் முந்த முடியாது. எதிர்த் தடம் காலியென்றால் இரண்டு வகையிலும் முந்தலாம். அவர் ஒதுங்குவதால் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. நடுக்கோட்டுக்குள்ளேயே நுழைத்துவிடலாம் என்ற ஆசைதான் வருகிறது. ஆபத்து அந்த ஆசையில் இருக்கிறது.

விளிம்பை ஏன் ஒட்டி ஓட்டுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். கடலோரக் களிமண்ணில் போட்ட சாலை இது. பாரம் ஏற ஏற ஓரம்தான் முதலில் அமுங்கி விரிசல் விடும். மேலே புதுத் தார் போடும் ஒவ்வொரு முறையும் தாருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு படி உண்டாகும். அந்தப் படியில் முன்சக்கரம் இறங்கிவிட்டால் சரிவாக மேலே ஏற்ற முடியாது. டயர் விளிம்போடு உராய்ந்து சைக்கிளை வலப்பக்கம், அதாவது உங்கள் பக்கம், சாய்த்துவிடும். இடப்பக்கமோ லாலான் புல், அதற்கப்பால் கால்வாய். டவுனுக்குள் வேறு தொல்லை: கம்பிகள் சாலையின் நீளவாக்கில் பதிந்த கால்வாய் மூடிகள். அந்த இடுக்கில் மெல்லிய டயர் புகுந்தால் சைக்கிள் நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டார். இவற்றையெல்லாம் விட்டு விலகி ஓட்ட அந்த 60 சென்டிமீட்டர் வேண்டும்.

முந்துவதற்கு எவ்வளவு சாலை காலியாக இருக்க வேண்டும்? நீங்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில், சைக்கிள் 15-இல். விலகத் தொடங்கி மறுபடி உள்ளே வர மூன்று வினாடிக்குச் சற்று மேலாகும். அதற்குள் நீங்கள் 50 மீட்டருக்கு மேல் ஓடியிருப்பீர்கள். எதிரே 90-இல் வரும் கார் அதே நேரத்தில் 80 மீட்டர் வந்திருக்கும். பதற்றமில்லாமல் முடிக்க 200 மீட்டர் வேண்டும். சைக்கிளுக்குப் பின்னால் மெதுவாக வந்து அங்கிருந்து வேகம் பிடிப்பதானால் அதைவிடக் கூடுதல். முந்தியதும் சட்டென்று இடப்பக்கம் ஒடிக்காதீர்கள். உங்கள் தலை கடந்தபோது லோரியின் வால் கடந்திருக்காது. இடது கண்ணாடியில் சைக்கிள் முழுதாகத் தெரிந்த பிறகு உள்ளே வாருங்கள்.

காற்றைப் பற்றி ஓட்டுநர்கள் பலருக்குத் தெரிவதில்லை, ஓட்டுநர் அறைக்குள் அது உறைக்காது. வேகமாகப் போகும் லோரியின் முகம் காற்றை முதலில் வெளியே தள்ளும். உடல் கடந்ததும் பின்னால் அதே காற்று உள்ளே இழுக்கும். தள்ளலைச் சமாளிக்கச் சைக்கிள்காரர் வலப்பக்கம் சாய்ந்த அந்த நொடியில் இழுப்பு வருகிறது. பின்சக்கரத்தில் விழுவது இப்படித்தான். இடைவெளி கூடக் கூட, வேகம் குறையக் குறைய இது மறைந்துவிடும்.

ஹாரன் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தொலைவிலேயே ஒரு சின்னத் தட்டல் நல்லது. முதுகுக்குப் பின்னால் வந்து நீளமாக அடித்தால் அவர் திடுக்கிட்டு வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கம் ஹேண்டலும் இழுபடும்.

காத்திருந்தால் என்ன நட்டம்? சைக்கிளுக்குப் பின்னால் 200 மீட்டர் ஊர்ந்தாலும் 70-இல் போயிருக்கக்கூடிய நேரத்தைவிட நாற்பது வினாடிதான் அதிகம். வெட்டிய குலையில் புளிப்பு ஏறி எண்ணெய்த் தரம் கெடாமலிருக்க 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள்; நாற்பது வினாடியில் எந்தப் பழமும் கெடாது. ஆனால் டிரிப் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு நாற்பது வினாடியும் உறுத்தும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடலில் முதலாளிமார்களையும் சேர்த்திருக்கிறோம். பழம் குவியும் மாதங்களில் ஆலை வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கவைத்துவிட்டு, போன நேரத்தைச் சாலையில் பிடிக்கச் சொல்வது நியாயமில்லை. காத்திருப்புக்கும் ஏதாவது கூலி கொடுங்கள். இதை லோரிக்காரர்கள் கேட்டால் முறைப்பீர்கள், அதனால் நாங்கள் கேட்கிறோம்.

தோட்டத்து முச்சந்தியில் இடப்பக்கம் திரும்புவதுதான் எல்லாவற்றிலும் மோசமான இடம். பத்து டயர் லோரியின் பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வருவதில்லை, வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். திரும்புவதற்குச் சற்று முன்னால் ஒரு சைக்கிளைக் கடந்திருந்தால் அது இப்போது உங்கள் இடது விலாவில் இருக்கிறது. முச்சந்தி கிட்டே இருந்தால் முந்தாமல் அதன் பின்னாலேயே வந்து திரும்புங்கள். சைக்கிள்காரர்களுக்கும் இதையே சொல்கிறோம்: விளக்கில் நிற்கும் லோரியின் இடப்பக்க இடுக்கில் நுழையாதீர்கள், பின்னாலேயே நில்லுங்கள். கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு நீங்கள் தெரியவில்லை.

உதிரிப் பழம். வலை போடாத லோரி குழியில் குதிக்கும்போதெல்லாம் நாலு பழம் விழுகிறது. உருண்டையாகக் கிடப்பதைப் பார்த்து விலகலாம். அடுத்து வரும் டயர் நசுக்கியது தாரில் எண்ணெய்ப் பூச்சாகிறது, மழைத்தூறலில் அது கண்ணுக்கே தெரியாது. சைக்கிளும் மோட்டாரும் ஒரே மாதிரிதான் சரியும். வலையின் நாலு மூலையையும் கட்டுங்கள், பின்கதவின் கீழ் இடுக்கை அடைத்துவிடுங்கள். பழமும் காசுதானே.

இனி எங்கள் பக்கம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1-இல் அரைமணி முன்னுக்குத் தள்ளியதிலிருந்து இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் தொழிலாளர்களும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் இருட்டிலேயே சாலையில் இறங்குகிறார்கள், பாதிச் சைக்கிளில் விளக்கில்லை. தாழ்த்திய விளக்கில் ஓட்டுநருக்கு 50 மீட்டர் தெரிந்தால் அதிகம். 70 கிலோமீட்டர் வேகத்தில் கால் பிரேக்குக்குப் போவதற்குள் 30 மீட்டர் போய்விடும். மிச்ச இருபதில் பாரம் ஏற்றிய லோரி நிற்காது. இதில் ஓட்டுநரைக் குறை சொல்ல நாங்கள் தயாரில்லை. பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, மட்கார்டில் ஒளிரும் பட்டை, மிதிகட்டையில் இரண்டு துண்டு. மிதிகட்டையில் ஒட்டியது ஏறி இறங்குவதால், அது கம்பமில்லை ஆள் என்று தொலைவிலேயே தெரிந்துவிடும். தோட்ட நிர்வாகங்கள் அந்நியத் தொழிலாளர்களுக்குக் காலணி கொடுப்பதுபோல் இதையும் கொடுக்கலாம்.

எதிர்த்திசையில் ஓட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சைக்கிளின் வேகம் 15-உம் வண்டியின் வேகம் 70-உம் கழிவதற்குப் பதிலாகக் கூடுகின்றன. கிளைச் சாலையிலிருந்து இடப்பக்கம் திரும்புகிறவர் வலப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார். நீங்கள் வருவது இடப்பக்கத்திலிருந்து. பழைய சைக்கிளின் இரும்பு ரிம் மழையில் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும், நிற்கும் தூரம் பலமடங்காகும். மாலை மழையில் முன்கூட்டியே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே வாருங்கள். ஞாயிறு காலை கூட்டமாக ஓட்டுகிறவர்கள் ஆறு பேருக்கு மேல் ஒன்றாகப் போகாமல், குழுவுக்குக் குழு லோரி உள்ளே வர இடம் விடுங்கள்.

பசிக்கால் லாஜாக் (basikal lajak) என்று பிள்ளைகள் பிரேக்கைக் கழற்றி மாற்றியமைத்து ஓட்டும் சைக்கிள் பற்றியும் ஒரு சொல். 2017 பிப்ரவரி 18 பின்னிரவில் ஜொகூர் பாருவில் அப்படிச் சைக்கிளோட்டிய எட்டுப் பிள்ளைகள் கார் மோதி இறந்தார்கள். காரோட்டிய பெண்ணை 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவிக்கும்வரை நாடு ஓட்டுநர் கட்சி, சைக்கிள் கட்சி என்று பிரிந்து நின்றது. அந்தச் சண்டையின் சூட்டைப் பெரட்டுக்குப் போகும் ஆள்மேல் இறக்காதீர்கள். பிள்ளைகளின் சைக்கிளில் பிரேக் இருக்கிறதா என்று பெற்றோர்தான் பார்க்க வேண்டும்.

பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆருக்கும் இதன் ஒரு நகலை அனுப்புகிறோம்: தார் விளிம்புப் படிக்கு மண் நிரப்பி இறுக்குவது, கால்வாய் மூடிக் கம்பிகளைக் குறுக்காகத் திருப்புவது. வேறெதுவும் இப்போதைக்குக் கேட்கவில்லை.

ஆலை நிர்வாகத்திடம் கேட்பது ஒன்று. ஆலை ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தராசுக்குப் பக்கத்து முற்றத்தில் ஒரு லோரியை நிறுத்திவையுங்கள். நாங்கள் பத்துச் சைக்கிளோடு வருகிறோம். எங்களை ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் ஏற்றுங்கள். எந்தெந்த இடத்தில் நின்றால் கண்ணாடியில் தெரிவதில்லையோ அதைச் சுற்றித் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவோம். பிறகு ஓட்டுநர்கள் இறங்கிச் சைக்கிளில் உட்காரட்டும், இன்னொரு லோரி ஒரு சாண் இடைவெளியில் ஒருமுறை, 1.5 மீட்டரில் ஒருமுறை மெதுவாகக் கடக்கட்டும். எல்லாமாக ஒருமணி நேரம் ஆகும். சுண்ணாம்பையும் அளவுநாடாவையும் நாங்கள் கொண்டுவருகிறோம். எந்த நாள் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துச் சைக்கிளோட்டிகளும் சைக்கிள் கடைக்காரர்களும்