லித்தியம் பேட்டரி தயாரிப்பாளர்களே, வோல்டேஜ் எல்லையைப் பெட்டியில் போடுங்கள்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். மோட்டார் சைக்கிளின் பழைய லெட் ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு உங்கள் லித்தியம் பேட்டரியை மாட்டினால் போதும் என்று போட்டு விற்கிறீர்கள். எடை குறைவு, ஆசிட் வழியாது, மாதக்கணக்கில் வண்டியை எடுக்காவிட்டாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காது, எல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் எந்த வண்டியில் மாட்டினால் போதும் என்று சொல்ல வேண்டாமா?

1960, 70களின் வண்டிகளில் சார்ஜிங் என்பதே குத்துமதிப்பான சமாச்சாரம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சிலவற்றில் டைனமோவும், வோல்டேஜைக் கட்டுப்படுத்த பாயிண்ட் வைத்த பழைய ரெகுலேட்டரும், பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் மிஞ்சிய மின்சாரத்தைச் சூடாக்கி வெளியேற்றும் ஒரு ஜீனர் டயோடு, சில சின்ன வண்டிகளில் அதுவும் கிடையாது, மிஞ்சிய மின்சாரத்தை எல்லாம் பேட்டரிதான் விழுங்க வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி 15 வோல்ட்டைத் தாண்டினாலும் கொதித்து, தண்ணீரை இழந்து, முனகிக்கொண்டே ஓட்டிவிடும். நீங்கள் விற்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்கு 14.6 வோல்ட்டுடன் சரி. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்கிற காவல் சர்க்யூட் தன் செல்களைக் காப்பாற்றத் தொடர்பைத் துண்டித்துவிடும். செல் பிழைத்துக்கொள்ளும், வண்டி?

என் வண்டியில் அதுதான் நடந்தது. இரவில், நல்ல வேகத்தில் போகும்போது துண்டித்தது. மிஞ்சிய மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லை, வோல்டேஜ் எகிறி ஹெட்லைட் ஒருமுறை வெள்ளை வெளேரென்று எரிந்து அணைந்தது, கூடவே ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரும் போய் இன்ஜினும் அடங்கிவிட்டது. வளைவில், விளக்கே இல்லாமல், பின்னால் வருகிறவருக்கு நான் இருப்பதே தெரியாமல். புகார் சொன்னால் வந்த பதில்: உங்கள் வண்டியில் சார்ஜிங் வோல்டேஜ் அதிகம், வாரண்டி கிடையாது. அதிகம்தான் ஐயா, ஐம்பது வருஷமாக அதிகம்தான். அதைப் பணம் வாங்குவதற்கு முன் சொல்லியிருக்கலாமே! எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியில் ஒரு வரி போட அவ்வளவு மையா செலவாகிவிடும்?

இதில் ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு, அந்தக் கூத்து வேறு. கொட்டை எழுத்தில் 12, அதன் ஓரத்தில் பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற மாதிரி ‘லெட் ஆசிட்டுக்குச் சமமானது’, உள்ளே இருப்பதோ 4. ஸ்டார்ட் செய்ய அது போதும், உண்மைதான். சார்ஜிங் படுத்துவிட, இருக்கிற பேட்டரியிலேயே வீடு போய்ச் சேரப் பார்ப்பவனிடம் போய் இந்தச் சமத்துவத்தைச் சொல்லிப் பாருங்கள். லெட் ஆசிட் சார்ஜரில் உள்ள சல்ஃபேட் நீக்கும் மோடை (வோல்டேஜை ஏற்றி அடிப்பது) போடக்கூடாது என்பதும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது. தயவுசெய்து அதிகபட்ச சார்ஜிங் வோல்டேஜ் எவ்வளவு, பிஎம்எஸ் எப்போது துண்டிக்கும், உண்மையான ஆம்பியர் ஹவர் என்ன, இந்த மூன்றையும் பெட்டியின் வெளியே, வாங்குகிறவர் கண்ணில் படும் இடத்தில் அச்சடியுங்கள். பழைய வண்டிக்கென்று யாராவது கேட்டால், இன்ஜினை முறுக்கி சார்ஜிங் வோல்டேஜை மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டு விற்கும்படி கடைக்காரர்களிடமும் சொல்லிவிட்டால் புண்ணியமாகப் போகும்.

நன்றி.