வழி தவறவும் பழகட்டும்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பார்வை மிகக் குறைந்த தங்கை மகள் கல்லூரிக்குத் தனியாகப் பஸ்ஸில் போய்வர ஆசைப்படுகிறாள், வீட்டில் எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவள் கேட்பது முழுக்க நியாயம். ஆனால் ஒரே வழியை நாலு வாரம் கூட்டிப்போய் மனப்பாடம் பண்ணவைக்கலாம் என்ற உங்கள் யோசனையோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருநாள் பள்ளம் தோண்டிப் போட்டிருப்பார்கள், பஸ் வேறு இடத்தில் நிற்கும். அன்றைக்கு மனப்பாடம் கைவிட்டுவிடும். தவறிய வழியிலிருந்து மீண்டு வரத் தெரிந்தவளைத்தான் தைரியமாக அனுப்பலாம்.

முதலில் அவள் தரையைத் தட்டிப் பார்த்து நடக்கிற வெண்கோலைப் பார். சின்ன வயதில் வாங்கியதென்றால் மாற்றிவிடு. நேராக நின்றால் கோல் நெஞ்செலும்பின் கீழ்முனைக்காவது வரவேண்டும். வேகமாக நடக்கிற பிள்ளைக்கு அக்குள் வரை, தாடை வரைகூட இருக்கலாம். கோல் குட்டையாக இருந்தால் பள்ளம் தெரிந்த பிறகு நிற்க அவகாசம் இருக்காது.

பிடிக்கும் கை உடம்பின் நடுவில், தொப்புளுக்கு நேரே இருக்கட்டும். மணிக்கட்டு மட்டும் அசையவேண்டும். வலது கால் முன்னே போகும்போது கோல்முனை இடப்பக்கம் தட்டவேண்டும். அடுத்து இடது கால் விழப்போகிற இடம் அதுதான். தோள் அகலத்துக்கு இருபுறமும் ஓர் அங்குலம் கூடுதலாக வீசினால் போதும். பெரும்பாலும் இரண்டு தப்பு நடக்கும். கை ஒருபக்கம் நகர்ந்துவிடும், மறுபக்கம் காவலில்லாமல் போகும். அல்லது தாளம் தவறி, காலும் கோலும் ஒரே பக்கம் விழும். நின்று, மறுபடி தொடங்கச் சொல். நடந்துகொண்டே திருத்தினால் தப்பே பழகிவிடும். கரடுமுரடான நடைபாதையில் மெல்லிய முனை விரிசலில் சிக்கி, கைப்பிடி வயிற்றில் குத்தும். அங்கே உருளும் முனை போட்டுத் தரையிலிருந்து எடுக்காமல் இழுத்துப் போகட்டும். ஒன்று மறக்காதே: கோல் இடுப்புக்கு மேலே இருப்பதைச் சொல்லாது. தாழ்ந்த கிளை, திறந்த ஜன்னல் இருக்கும் இடங்களில் முன்கையை முகத்துக்கு முன் குறுக்கே, உள்ளங்கை வெளியே பார்க்க உயர்த்திக்கொள்ளவேண்டும்.

வழியைக் கடைசியிலிருந்து கற்றுக்கொடு. கல்லூரி வாசலுக்கு முந்தைய ஐம்பது மீட்டர் முதலில், பிறகு அதற்கு முந்தைய துண்டு. ஒவ்வொரு நாளும் சேரவேண்டிய இடத்தில் போய் முடியும், தைரியம் தானாக வரும். திரும்பி வரும் வழியைத் தனிப் பாடமாக வை. போகும்போது வலப்பக்கம் இருந்த சுவர் வரும்போது இடப்பக்கம். அடையாளங்கள் என்றும் மாறாதவையாக இருக்கட்டும்: இரும்பு மூடி, தரைச் சரிவு, சுவர் முடிகிற இடம். வாசனையும் சத்தமும் துணைக்குத்தான், லீவு நாளில் இரண்டும் இருக்காது.

சாலை கடப்பதில் அவசரமே கூடாது. சிக்னல் இருந்தால் இரண்டு மூன்று சுற்று கேட்டுக்கொண்டு மட்டும் நிற்கட்டும். தன் பக்கத்தில் தனக்கு இணையாக ஓடும் வண்டிகள் கிளம்பும் சத்தத்தை வைத்து நேரத்தையும் நேர்கோட்டையும் பிடிக்கவேண்டும். வளைந்த தெருமுனையில் நடைபாதை விளிம்பை நம்பி நின்றால் நடுச்சந்திக்கே போய்விடுவாள். மழையோ துளைபோடும் இயந்திரமோ சத்தத்தை மூடினால் கடக்கவே வேண்டாம். மின்வண்டிகளை எண்ணித்தான் எனக்குக் கவலை. ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புதிய மாடல் மின்கார்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கை ஒலி எழுப்பவேண்டும் என்று விதி. ஆனால் பழைய வண்டிகள் சத்தமில்லாமல்தான் வரும்.

இனி, வழி தவறினால். முதலில் நிற்கவேண்டும். பதற்றத்தில் நாலு அடி வைத்தால் இருந்த திசையும் போய்விடும். வண்டிச் சத்தம் எந்தப் பக்கம், கடைசியாகத் தொட்ட அடையாளம் எது என்று யோசித்து அதற்கே திரும்பட்டும். யாரிடமாவது கேட்டால் "இது மெயின் ரோடா?" என்று கேட்கக்கூடாது, சரியாகக் கவனிக்காமலே ஆமாம் என்பார்கள். "இது என்ன ரோடு?" என்று கேட்கவேண்டும். "அதோ அங்கே" என்றால் "எனக்கு வலமா இடமா?" என்று விடாமல் கேட்கட்டும். யாராவது கையைப் பிடித்து இழுத்தால் மெதுவாக விடுவித்துக்கொண்டு, அவர் முழங்கைக்குச் சற்று மேலே தான் பிடித்து அரைக் காலடி பின்னால் நடக்கட்டும். போன் வரைபடம் சில மீட்டர் தவறும், எதிர்ச்சாரியில் நிற்கும்போதே வந்துவிட்டது என்று சொல்லும். இரண்டு காதையும் அடைக்கிற ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

உங்களுக்குத்தான் இது கஷ்டமான பயிற்சி. கூடப் போகிறவர் முதலில் மூன்று மீட்டர் பின்னால், பிறகு பத்து, பிறகு எதிர்ச்சாரி, கடைசியில் இறங்கும் நிறுத்தத்தில் மட்டும். வாயைத் திறக்கக்கூடாது. கம்பம் வந்தால் கோல் கண்டுபிடிக்கும், விட்டுவிடு. வண்டிக்கும் மூடாத குழிக்கும் மட்டும் "நில்!" இந்தச் சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், கேட்டதும் அவள் அப்படியே நிற்கவேண்டும்.

அவளுக்குக் கொஞ்சம் பார்வை இருக்கிறது என்றாயே, அந்தி நேரத்திலும் கண்கூசும் வெயிலிலும் தனித்தனியாக நடந்து பார்க்கட்டும். பகலில் கோல் வேண்டாம் என்பவள் அங்கே தடுமாறலாம். கோலின் நீளத்தையும் அவள் உயரத்தையும் அளந்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்