மைக் செட் அண்ணனின் கணக்கு நோட்டு

குடியாத்தம் மைக் செட் அண்ணனுக்கும், லாங் பஜார் தேநீர்க் கடைத் தம்பிக்கும், எங்கள் தெருவின் கல்லூரி மாணவனுக்கும், அக்கார்டியன் அண்ணன் வீட்டு அண்ணிக்கும், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் எனக்கு வழி காட்டிய இன்னும் பலருக்கும் வணக்கம்.

1983 முதல் 1990 வரை வேலூரிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்த ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பெண் குரல். குழுவுக்குள் என் பெயரும் அதுதான். "பெண் குரல் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். மற்றவர்களும் அப்படியே: அக்கார்டியன், தபேலா, டிரம்ஸ், கிதார். ஏழு ஆண்டுகள் ஒரே தட்டில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டவர்களின் இனிஷியல் எனக்குத் தெரியாது என்பது, அவர்களைத் தேடத் தொடங்கிய நாளில்தான் உறைத்தது.

1990இல் திருமணமாகி ஓசூர் போனேன். பாட்டு என்னோடு வரவில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, வேலூர் சத்துவாச்சாரிக்குக் குடிவந்த பிறகு, ஒரு நாள் லாங் பஜாருக்கு நடந்தேன். தானியக் கடைக்கு மேல் மாடியில்தான் எங்கள் ஒத்திகை நடக்கும். மூட்டைத் தூசியில் எனக்குத் தும்மல் வராத நாளே கிடையாது. இப்போது அங்கே கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. எதிரே தேநீர்க் கடை மட்டும் இருந்தது, அப்பாவின் இடத்தில் மகன். விஷயத்தைச் சொன்னேன். பால் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அம்மா, வாசித்தவர்களைத் தேடாதீர்கள். ஒயர் இழுத்தவரைத் தேடுங்கள். அவர்தான் மறக்கமாட்டார்." தம்பி, அந்தத் தேநீருக்கும் நீங்கள் காசு வாங்கவில்லை. உங்களுக்குத்தான் முதல் நன்றி.

குடியாத்தம் போனேன். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எத்தனை முறை பாடிய ஊர்! அந்த வெயிலில் அக்கார்டியன் அண்ணன் பெட்டியைக் கைக்குழந்தை போல நிழல் பார்த்துத் தூக்கிக்கொண்டு திரிவார். உள்ளே ஒலி எழுப்பும் உலோக நாக்குகளை மெழுகு வைத்துத்தான் ஒட்டியிருக்கும், சூட்டில் அது இளகிவிடும் என்பது அவருடைய பயம். நாங்கள் கேலி செய்வோம். மனைவிக்குக்கூட அவர் இப்படிக் குடை பிடித்ததில்லை என்பார் தபேலா.

மைக் செட் அண்ணனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "பெண் குரல்" என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன். ஒரு கத்தை நீள நோட்டுகளைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். வருடத்துக்கு ஒன்று. தேதி, ஊர், எத்தனை கூம்பு ஒலிபெருக்கி, எத்தனை டியூப் லைட், ஜெனரேட்டருக்கு எவ்வளவு எண்ணெய், முன்பணம், பாக்கி. எங்கள் பெயரில் 1988ஆம் ஆண்டு 150 ரூபாய் பாக்கி இருந்ததையும் விரல் வைத்துக் காட்டினார்.

அந்த நோட்டில்தான் எல்லோரும் இருந்தார்கள். கச்சேரி முடிய இரவு மூன்று மணி ஆகிவிடும், பஸ் இருக்காது. மைக் செட் வேனில்தான் எங்களை இறக்கிவிடுவார். டீசல் கணக்குக்காக யார், எந்த ஊர், எந்தத் தெரு முனை என்று வரிசையாக எழுதியிருந்தார். டிரம்ஸ், பள்ளிகொண்டா, கோயில் தெரு. பெண் குரல், வேலூர் சைதாப்பேட்டை. அக்கார்டியன், காட்பாடி. தபேலா, ஆற்காடு, தோப்புக்கானா. கிதார், வேலூர் பஸ் நிலையம், முதல் போளூர் வண்டி. தலைப்பில் 'வ.ஆ. மாவட்டம்' என்று ரப்பர் முத்திரை, அதாவது வட ஆற்காடு. ஒரே மாவட்டத்தில் வேன் ஓடிய அந்த ஊர்கள், 1989இலும் 2019இலும் நடந்த பிரிப்புகளுக்குப் பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று சிதறிக் கிடக்கின்றன. போதாததற்கு டிரம்ஸ் இப்போது ஆம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார், அது திருப்பத்தூர் மாவட்டம். நான்கு மாவட்டங்களையும் அந்தப் பழைய முத்திரையை வைத்துக்கொண்டுதான் சுற்றினேன்.

தபேலா கிடைத்தார், தோப்புக்கானாவில் அதே தெருவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு. கிதார் போளூரில் அச்சகம் நடத்துகிறார். டிரம்ஸுக்கு வலது கை வராது, இடது கையால் நாற்காலிப் பிடியில் தாளம் போட்டபடிதான் என்னை வரவேற்றார். அக்கார்டியன் அண்ணன் 2011இலேயே போய்விட்டார்.

மைக் செட் அண்ணன் நோட்டோடு ஒரு கேசட்டும் தந்தார். 1986ஆம் ஆண்டு விரிஞ்சிபுரம் கோயிலின் கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை இரவுக் கச்சேரி, ஆம்ப்ளிஃபையரிலிருந்தே ஒயர் போட்டுப் பிடித்தது. ஆர்வக் கோளாறில் அதை முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். நாடாவைச் சுருட்டிச் சிக்கலாக்கி, "இது அவ்வளவுதான்" என்று திருப்பித் தந்தார்கள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் தெருவில் படிக்கும் பிள்ளை அதை வாங்கிப் பார்த்தான். தொண்ணூறு நிமிட கேசட்டில் நாடா மெலிதாக இருக்கும், வேகமாக ஓட்டினால் நீண்டுவிடும் என்று எனக்கே பாடம் எடுத்தான். உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்து போயிருந்தது. வேறொரு கேசட்டின் கூட்டைத் திறந்து அதற்குள் நாடாவை மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, பூஞ்சணத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தான். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். "ஒரே ஒரு தடவைதான் ஓட்டுவேன், அதற்குள் கணினியில் ஏறிவிட வேண்டும்" என்றான். ஏறிவிட்டது. தம்பி, உனக்குப் பணம் கொடுக்க வந்தபோது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாயே, இங்கே ஒளிய முடியாது.

அந்தக் கார்த்திகை இரவை நாடாவில் கேட்டபோதே குளிரெடுத்தது. பனி விழுந்து பாங்கோவின் தோல் தொய்ந்துவிட, மேடைக்குப் பின்னால் செய்தித்தாளைக் கொளுத்தி அதில் காட்டிச் சூடேற்றினார்கள். குழந்தை வரம் வேண்டி நள்ளிரவில் சிம்ம தீர்த்தத்தில் மூழ்கிய பெண்கள் ஈரப் புடவையோடு கோயிலில் படுத்திருந்தார்கள். அவர்களை நினைத்து அன்று நான் அடங்கிய குரலில்தான் பாடினேன் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கேசட்டில் கேட்டால் கத்தியிருக்கிறேன். நாலாவது பாட்டுக்கு முன்னால், மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்து அக்கார்டியன் அண்ணன் சொல்கிறார்: "தங்கச்சி, அரைக் கட்டை இறக்கிக்கொள்ளம்மா, தொண்டை கட்டியிருக்கிறது உனக்கு."

இப்போதெல்லாம் குழு முழுவதும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடுகிறது. குறையில்லை, செலவு மிச்சம். ஆனால் பென் டிரைவ் யார் தொண்டையையும் பார்த்துச் சுருதி இறக்காது.

தை மாதம் குடியாத்தம் கிடங்கில், கூம்புகளுக்கும் ஒயர்ச் சுருள்களுக்கும் நடுவே எல்லோரும் கூடினோம். டிரம்ஸ் வீட்டிலிருந்து ஆம்பூர் பிரியாணி வந்தது, நான் முள்ளுக் கத்தரிக்காய் கொத்சு செய்திருந்தேன். காட்பாடி அண்ணி அக்கார்டியன் பெட்டியோடு வந்திருந்தார். அவர் வீட்டில் அண்ணனின் படம் இருக்கிறது, சட்டை இருக்கிறது, குரல் மட்டும் இல்லை. அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். பாட்டு வேண்டாம் என்றார். ஆறு தடவையோ ஏழு தடவையோ போட்டோம், யாரும் எண்ணவில்லை. அண்ணி, நீங்கள் வந்ததற்கு நன்றி. பெட்டியைத் தபேலாவின் மாணவி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போனதற்கு எந்தச் சொல்லை வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

பாக்கி 150 ரூபாயை வட்டியோடு தரப் பார்த்தோம். மைக் செட் அண்ணன் வட்டியை ஒதுக்கிவிட்டு 150ஐ மட்டும் எடுத்து, 1988ஆம் ஆண்டு நோட்டிலேயே வரவு வைத்தார்.

இருட்டிவிட்டது. பஸ் இருக்கிறது என்று சொன்னாலும் கேட்கவில்லை, மகனை வேன் எடுக்கச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புது நோட்டைப் பிரித்து, இறக்கிவிடும் வரிசையை எழுதினார். பெண் குரல், சைதாப்பேட்டை என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, சைதாப்பேட்டையை அடித்து, சத்துவாச்சாரி என்று திருத்தினார்.

இப்படிக்கு,
பெண் குரல்
சத்துவாச்சாரி, வேலூர்