தசை அழற்சிக்கும் ஒரு படிவம் வேண்டும்

மாவட்டத் தடுப்பூசி அலுவலர்களுக்கும், தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதிப்புகளை ஆராயும் குழுவினருக்கும் வணக்கம்.

ஐந்து வயது முடிந்த என் மகளுக்கு ஒரு புதன்கிழமை காலையில் முத்தடுப்பு ஊசியின் இரண்டாவது பூஸ்டர் போட்டார்கள். அன்றிரவு வந்த காய்ச்சல் மறுநாளே விட்டுவிட்டது. மூன்றாம் வாரத்தில் ஒருநாள், தரையிலிருந்து எழுந்தவள் முதலில் கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல் நிமிர்ந்தாள். சோம்பல் என்று அதட்டினேன். அது இன்றும் உறுத்துகிறது. தசை சிதையும்போது இரத்தத்தில் கூடும் சிகே என்ற நொதி அவளுக்குப் பல ஆயிரத்தைத் தொட்டிருந்தது. தசை அழற்சி என்றார்கள். ஸ்டீராய்டு மருந்தில் மெல்லத் தேறி, இப்போது பள்ளி மாடிப்படியைத் துணையின்றி ஏறுகிறாள்.

ஊசிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஃப்ளூ காய்ச்சலுக்குப் பிறகும் குழந்தைகளுக்குத் தசை அழற்சி வரும். எந்தக் காரணமும் பிடிபடாமலும் வரும். 1998-இல் பிரான்சு மருத்துவர்கள் சில நோயாளிகளின் தோள் தசையில் ஒருவகை அழற்சியைக் கண்டு எழுதினார்கள். தடுப்பூசியில் சேர்க்கும் அலுமினிய உப்பு அங்கே தங்கியிருந்தது பின்னர் தெரியவந்தது. அது ஊசி போட்ட இடத்தின் தடமாக இருக்கலாம், உடல் முழுவதையும் தாக்கும் நோய் என்பதற்குச் சான்றில்லை என்றது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான், என் மகனுக்கும் அதே பூஸ்டரை உரிய நாளில் போட்டேன்.

என் குறை வேறு. வார்டில் சேர்த்த அன்று, கால் தளர்ந்த குழந்தை என்பதால், போலியோ இல்லை என்று உறுதிசெய்ய 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுத்தார்கள். போலியோ ஒழிந்த பகுதி என 2014-இல் சான்று பெற்ற பிறகும் தளராத அந்தக் கண்காணிப்பை வணங்குகிறேன். ஆனால், கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று கேட்டவர்கள், நான் சொன்ன பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதவில்லை. தாய் சேய் நல அட்டையில் தேதி இருந்தது, ஊசி மருந்தின் தொகுதி எண் இல்லை. தற்செயல்தான் என்று வாய்வார்த்தையில் முடித்துவிட்டார்கள். தற்செயலா, தொடர்புடையதா, தீர்மானிக்க இயலாததா என்று வகைப்படுத்துவது உங்கள் குழுவின் வேலை அல்லவா? எழுதப்படாத ஒன்றை எந்தக் குழு ஆராயும்? அரிய பாதிப்பு ஒரு வார்டில் ஒன்றுதான் தென்படும். பல மாவட்டத்துப் படிவங்களை அருகருகே வைத்தால்தான் அது தற்செயலா என்பது விளங்கும்.

ஆகவே, தசைத் தளர்ச்சியோடு சேர்க்கப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும், முந்தைய ஆறு வாரத்தில் போட்ட ஊசி, அதன் தொகுதி எண், சிகே அளவு ஆகிய மூன்றையும் மல மாதிரிப் படிவத்தோடு சேர்த்தே எழுத உத்தரவிடுங்கள். குழு எடுக்கும் முடிவு, தொடர்பில்லை என்பதாகவே இருந்தாலும், அந்த வீட்டுக்குத் தமிழில் ஒரு கடிதமாக வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்