ஆயிரம் டாலர் நோட்டில் இருக்கும் வக்கீல்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு மழைக்காலம் என்றால் முழங்கால் வலி தலைகாட்டும், உனக்குத் தெரிந்ததுதான். மற்றபடி குறையில்லை.

ஜமைக்காவின் ஆயிரம் டாலர் நோட்டைப் படமெடுத்து அனுப்பி, இந்த இரண்டு பேர் யாருப்பா என்று கேட்டிருந்தாய். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள். அதே சமயம் இருபது வருஷத்துக்கு மேல் அரசியலில் எதிரும் புதிருமாக நின்றவர்கள். ஒருவர் அலெக்சாண்டர் புஸ்டமாண்டே. மற்றவர் நார்மன் மேன்லி. நீ இறங்கிய கிங்ஸ்டன் விமான நிலையத்துக்கும் மேன்லி பெயர்தான், கவனித்தாயா? புஸ்டமாண்டே பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அது தனிப் புராணம். மேன்லி வக்கீல். காலமெல்லாம் திருநெல்வேலி கோர்ட்டில் கட்டு சுமந்த குமாஸ்தாவுக்கு அவர் கதைதான் இழுக்கிறது.

1893-ல் மான்செஸ்டர் என்ற மாவட்டத்தில் பிறந்தவர். இங்கிலாந்து மான்செஸ்டர் இல்லை, உங்கள் ஜமைக்காவிலேயே அந்தப் பெயரில் ஒன்று உண்டு. கறுப்பும் வெள்ளையும் கலந்த குடும்பம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பெரிய ஓட்டக்காரர். 1911-ல் நூறு கஜத்தைப் பத்து விநாடியில் ஓடினாராம். ஜமைக்காப் பள்ளிகள் அளவில் அந்தச் சாதனை நாற்பது வருஷம் அசையவில்லை. உசைன் போல்ட் ஊரில் இதைச் சொன்னால் நம்புவார்கள்.

1914-ல் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். முதல் உலகப்போர் தொடங்கியிருந்த நேரம். மறு வருஷமே தம்பி ராயும் இவருமாகப் பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாய்களாகச் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் இவரைக் கார்ப்பரல், அதாவது சிப்பாய்களுக்கு மேற்பட்ட பதவிக்காரர், ஆக்கினார்கள். அவ்வளவுதான், வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பொறுக்கவில்லை. நிறம் கலந்த ஒருவன் உத்தரவு போட, நாம் கேட்பதா என்று முறைத்தார்கள். சக கார்ப்பரல்கள் அதைவிட மோசம், மாட்டிவிடவே பார்த்தார்கள். மேன்லி சட்டைக் கையில் இருந்த பதவிப் பட்டையை விட்டுக்கொடுத்துவிட்டு, வேறு படைப்பிரிவுக்கு வெறும் சிப்பாயாக மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். வீரத்துக்கு மிலிட்டரி மெடல் வாங்கியதும் சிப்பாயாகத்தான். தம்பி ராய் 1917-ல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் செத்துப்போனார். அண்ணன் ஒற்றை ஆளாக ஆக்ஸ்ஃபோர்டு திரும்பிச் சட்டம் படித்தார்.

பட்டையைக் கொடுத்துவிட்டுப் போனது சரியா என்று அம்மாவும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடினோம். 'நின்னு பார்த்திருக்கணும்' என்பது அம்மா கட்சி. பீரங்கிப் பக்கத்தில் நிற்பவனுக்குக் கூட நிற்பவன்மேல் நம்பிக்கை வேண்டும், அது இல்லாத இடத்தில் பட்டையை வைத்து என்ன செய்வது என்பது என் கட்சி. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

1922-ல் ஊர் திரும்பி வக்கீல் தொழில். பத்தே வருஷத்தில் கிங்ஸ் கவுன்சல், அதாவது மன்னரின் வழக்கறிஞர் என்ற பட்டம். குறுக்கு விசாரணையில் புலி. 1946-ல் இங்கிலாந்தில் ஆகாயப்படையில் இருந்த ஜமைக்காக்காரப் பையன் ஒருவன்மேல் கொலை வழக்கு. கடல் தாண்டிப் போய் வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வாழைக்காய் சமாச்சாரம். ஜமைக்காவில் வாழைதான் அப்போது பெரிய வியாபாரம். அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி ஒரு பக்கம், உள்ளூர் வாழை விவசாயிகளின் சங்கம் மறுபக்கம். சங்கத்துக்கு வக்கீல் மேன்லி. கம்பெனியை நடத்திவந்த சாமுவேல் செமுரேயோடு பேச்சு நடந்தபோது ஓர் ஏற்பாடு ஆயிற்று. கப்பலேறும் ஒவ்வொரு வாழைத்தாருக்கும் ஒரு சென்ட், கிராமத்து ஜனங்களின் நலனுக்கு. அந்தக் காசில் 1937-ல் 'ஜமைக்கா வெல்ஃபேர்' என்ற அமைப்பு உருவாயிற்று. நம் மார்க்கெட்டில் தார் இறக்குகிற பெரியவரிடம் சொன்னேன். 'ஒரு தாருக்கு எவ்வளவு?' என்றுதான் முதலில் கேட்டார்.

மறு வருஷம் தீவே பற்றிக்கொண்டது. ஃப்ரோம் கரும்புத் தோட்டத்தில் கூலிக் கலவரம், துப்பாக்கிச் சூடு. அப்புறம் கிங்ஸ்டன் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். தொழிலாளர் பக்கம் முழங்கிய புஸ்டமாண்டேயை உள்ளே தள்ளினார்கள். அவரை விட்டால்தான் மூட்டை தூக்குவோம் என்றார்கள் துறைமுகக்காரர்கள். நடுவில் நின்று பேசி, ஜாமீனுக்கு வழிசெய்து, அவரை வெளியே கொண்டுவந்தவர் மேன்லி. அந்த செப்டம்பரிலேயே மக்கள் தேசியக் கட்சியைத் தொடங்கினார். புஸ்டமாண்டே 1943-ல் தனிக்கட்சி கண்டார். எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று மேன்லி விடாமல் கேட்டு, 1944-ல் அது வந்தது. அந்த முதல் தேர்தலில் 32 இடத்தில் 22 புஸ்டமாண்டேக்கு. மேன்லி கட்சிக்கு ஐந்து. அவர் நின்ற தொகுதியும் போயிற்று.

ஆட்சிக்கு வர 1955 ஆயிற்று. அதற்கப்புறம்தான் நான் சொல்லவந்த விஷயம்.

1958-ல் பிரிட்டிஷ் கரீபியத் தீவுகள் பத்து சேர்ந்து ஒரு கூட்டாட்சி அமைத்தன. தலைநகர் டிரினிடாடில். மேன்லி அதன் பெரிய ஆதரவாளர். ஆனால் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு நிற்காமல் ஜமைக்காவிலேயே இருந்துவிட்டார். அதற்கு அவரை இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு. என் கணக்கிலும் அது சறுக்கல்தான். 1960-ல் புஸ்டமாண்டே, 'கூட்டாட்சியே வேண்டாம்' என்று கிளம்பினார். மேன்லிக்குச் சட்டசபையில் பெரும்பான்மை இருந்தது. கண்டுகொள்ளாமல் ஓட்டியிருக்கலாம். அவரோ, கூட்டாட்சியில் இருப்பதா வெளியேறுவதா என்று ஓட்டு வைத்து ஜனங்களையே கேட்டுவிடுவோம் என்று அறிவித்தார்.

எங்கள் சீனியர் ஜூனியர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் இது: பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே. அந்தத் தீவின் முதல்தர வக்கீலுக்கு இது தெரியாமலா இருக்கும்? கேட்டார். 1961 செப்டம்பர் 19. நூற்றுக்கு 54 பேர் வெளியேறு என்றார்கள். சாட்சி மாறிவிட்டான் என்றோ, கேள்வி புரியவில்லை என்றோ அவர் மறுவிசாரணை கேட்கவில்லை. ஏற்றுக்கொண்டார். 'பத்திலிருந்து ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம்' என்று டிரினிடாடின் ஆட்சித் தலைவர் எரிக் வில்லியம்ஸ் கணக்குச் சொல்லி அவர்களும் விலக, அடுத்த மே மாதத்தோடு கூட்டாட்சி முடிந்தது.

இதோடு விட்டாரா என்றால் இல்லை. சுதந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, எந்த ஆட்சி அதை வாங்குவது என்று மறுபடி ஜனங்களிடமே போனார். 1962 ஏப்ரலில் தேர்தல். 45-ல் 26 புஸ்டமாண்டேக்கு. ஆகஸ்ட் 6-ல் ஜமைக்கா சுதந்திர நாடானபோது பிரதமர் அவர். இத்தனை வருஷ உழைப்புக்கு மேன்லிக்குக் கிடைத்தது எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி. 1969 செப்டம்பரில் இறந்தார். பிரதமரானது மகன் மைக்கேல், 1972-ல்.

அம்மாவிடம் சொன்னால், 'கேட்காமலே இருந்திருக்கலாமே, நல்ல மனுஷன்' என்கிறாள். நீ என்ன நினைக்கிறாய்? தனக்குப் பாதகமான பதில் வரும் என்று தெரிந்தாலும், கேட்க வேண்டியவனிடம் கேட்டே தீரணும் என்பதுதான் என் வாதம். கேட்காமல் ஜெயித்த கேஸ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை அப்பீலில் என்னவாயின என்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நேரமிருந்தால் நேஷனல் ஹீரோஸ் பார்க் போய் அவர் சமாதியைப் பார்த்துவிட்டு வா. வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. அப்புறம், உன் வீட்டுக்காரப் பாட்டிக்கு எண்பது என்றாயே, 1961-ல் விவரம் தெரிந்த வயசுதான். அவர் அப்பா எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார், ஏன் போட்டார் என்று பக்குவமாகக் கேட்டு எழுது. அம்மாவோடு வாதாட எனக்கு ஒரு சாட்சி வேண்டும்.

அன்புடன்,
அப்பா