புது விடுதிக்கு முன் தண்ணீர்க் கணக்கு: புதுச்சேரி சுற்றுலாத் துறைக்கு ஒரு திறந்த மடல்

சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

புதுச்சேரி அரசின் முத்திரையில் இருப்பது ஆயி மண்டபம். பாரதி பூங்காவில் பயணிகள் நின்று படமெடுத்துக்கொள்ளும் அதே மண்டபம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாகக் கட்டியது. தண்ணீரையே முத்திரையாக வைத்திருக்கும் அரசிடம் தண்ணீர்க் கணக்கு கேட்பது தவறாகாது.

இன்றும் நாம் குடிப்பது நிலத்தடி நீர்தான். மழைக்குப் பஞ்சமான ஊர் என்று சொல்ல முடியாது; ஆனால் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். எல்லோரும் டிசம்பர் 31 கூட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். போக்குவரத்துக்கு அது தொல்லை, சரி. அப்போதுதான் மழை முடிந்து நிலம் ஊறியிருக்கும். தண்ணீருக்குச் சோதனை மே மாதம். பள்ளி விடுமுறையில் அறைகள் நிரம்பும், கிணறுகள் வற்றிக் கிடக்கும்.

கடலோர மணலில் நல்ல நீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். போர் போட்டு உறிஞ்சி மேலே 1 அடி இறங்கினால், காலப்போக்கில் அடியில் உப்பு 40 அடி ஏறும். ஏறிய உப்பு ஒரு நல்ல மழையில் இறங்கிவிடாது. பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் கடலோரக் குப்பங்களில் இருப்பவர்கள் கேன் தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் குடிநீர்த் திட்டம் போடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஐந்து நட்சத்திர விடுதிக்குப் படுக்கைக்கு 320 லிட்டர் என்கிறது. சலவையும் சமையலறையும் அதில் சேராது. கடலைப் பார்த்தபடி நன்னீரில் நீச்சல் குளம் எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பயணிகள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களால் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் புது விடுதிக்கு ஒப்புதல் தருமுன், மே மாதத்தில் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று எழுத்தில் கேளுங்கள். 'லாரியில் வாங்கிக்கொள்வோம்' என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். அந்த லாரியும் ஏதோ ஒரு கிராமத்துப் போரில்தான் நிரம்புகிறது. கழிவறைக்கும் தோட்டத்துக்கும் சுத்திகரித்த கழிவுநீரைக் கட்டாயமாக்குங்கள். நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2002ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. விடுதிகளின் போர்களுக்கு மீட்டர் வைத்து, மாதாமாதம் அளவை வெளியிடச் சொல்லுங்கள். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியட்டும்.

அப்புறம், ஏரிகள். ஊசுட்டேரியைப் பறவைகளுக்காக விளம்பரப்படுத்துகிறீர்கள், நல்லது. தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைச் சுற்றுலா விளம்பரங்களில் யாரும் காட்டுவதில்லை. சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு அந்த மாதிரி வாய்க்கால்களைத் தூர்வாரப் போகட்டும். பருவமழை தொடங்குமுன் அந்த வேலை முடிய வேண்டும்; நவம்பரில் டெண்டர் விட்டுப் பயனில்லை.

இப்படிக்கு,
கடற்கரையோரத் தெருவொன்றில் குடியிருப்பவன்