ஒட்டவைத்த மிண்ட் மார்க்குடன் விற்கப்பட்ட 1861 தங்கக் காசு: முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோரிக்கை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். 'அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம், நியூ ஆர்லியன்ஸ், தென் மாநிலக் கூட்டமைப்பு அச்சிட்டது' என்ற உங்கள் விளம்பரத்தை நம்பி, 1861ஆம் ஆண்டின் அமெரிக்க 20 டாலர் தங்கக் காசான டபுள் ஈகிள் ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். எடை 33.4 கிராம், விட்டம் 34 மி.மீ., இரண்டும் சரி. தங்கமும் தங்கம்தான். வில்லங்கம் கழுகுப் படத்துக்குக் கீழே இருக்கும் 'ஓ' எழுத்தில்; காசு நியூ ஆர்லியன்ஸில் அடித்தது என்று காட்டும் மிண்ட் மார்க் (நாணயச்சாலைக் குறி) அது.

அதை லென்ஸில் பாருங்கள். எழுத்தின் அடியைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. அதையொட்டிய இடம் மட்டும் தேய்த்துவிட்டதுபோல் வெளுத்திருக்கிறது. அச்சில் விழுந்த எழுத்துக்கு இப்படிக் கோடு வராது. பிலடெல்பியாவில் அடித்த காசில் மிண்ட் மார்க்கே கிடையாது; அப்படிப்பட்ட ஒன்றில்தான் இந்த 'ஓ'வை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது யாரோ, எனக்கு விற்றது நீங்கள்.

போனில் கேட்டால், "ஒரே வருஷம், ஒரே எடைதானே சார், இன்றைய தங்க விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார் உங்கள் ஊழியர். அந்த வருஷம் பிலடெல்பியாவில் அடித்தது 29 லட்சத்துக்கு மேல். நியூ ஆர்லியன்ஸில் வெறும் 17,741. தங்க விலைக்கு மேல் நான் கொடுத்த தொகை முழுக்க அந்த ஓர் எழுத்துக்காகத்தான்.

அப்புறம், கூட்டமைப்பு அடித்த காசு என்று நீங்கள் தந்த அந்தச் சான்றிதழ். நியூ ஆர்லியன்ஸின் 17,741இல் அமெரிக்க மத்திய அரசின் கீழ் அடித்தவை 5,000. ஜனவரி 26இல், நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலம் அமெரிக்காவிலிருந்து பிரிந்த பிறகு அந்த மாநில அரசு அடித்தவை 9,750. அப்படிப் பிரிந்த தென் மாநிலங்கள் சேர்ந்த கூட்டமைப்பின் கணக்கு 2,991 மட்டுமே. மூவரும் பயன்படுத்தியது அமெரிக்க அரசின் அச்சுகளையே. எந்தக் காசு யார் அடித்தது என்று சொல்ல ஆராய்ச்சியாளர்களே அச்சின் தேய்மானத்தையும் விரிசலையும் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உங்கள் சான்றிதழோ ஒரே வரியில் முடித்துவிடுகிறது. காரணமும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

எனவே, கொடுத்த தொகை முழுவதையும், காப்பீட்டுடன் திருப்பி அனுப்பும் செலவையும் 15 நாட்களுக்குள் தர வேண்டும். தவறினால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் செய்வேன். மிண்ட் மார்க்கின் நெருக்கப் படங்களையும் ரசீதையும் இணைத்துள்ளேன். அதே விளம்பரம் உங்கள் தளத்தில் இன்றும் ஓடுகிறது. முதலில் அதை எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்